நீளச் சொல்லும் கரும்புதான்

இந்த வாரக் கடிதங்களில் பெரும்பாலானவை ஆங்கில நெடுஞ்சொற்களைப் பற்றியவை. எட்டாம் வகுப்புப் பிள்ளையிலிருந்து ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் வரை கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.

கே: நீளமான ஆங்கிலச் சொல்லைப் பார்த்தாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. என்ன செய்வது?
– கல்லூரி முதலாண்டு மாணவி, அறந்தாங்கி

ப: பொங்கலுக்கு வாங்கிய முழுக் கரும்பை யாராவது அப்படியே வாயில் வைக்கிறார்களா? கணுவுக்குக் கணு நறுக்கித்தான் தின்கிறோம். நீளச் சொல்லும் கரும்புதான். கணு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டால் மீதி எல்லாம் சாறு.

பெரிய ஆஸ்பத்திரிகளில் ‘ஓட்டோரைனோலாரிங்காலஜி’ என்று ஒரு பலகை தொங்கும். 19 எழுத்து. நறுக்குங்கள்: ஓட்டோ என்றால் காது, ரைனோ என்றால் மூக்கு, லாரிங் என்றால் குரல்வளை, லஜி என்றால் அதைப் படிக்கும் துறை. நம் காது மூக்கு தொண்டை டாக்டர்தான் அந்தப் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். அதே ரைனோ உயிரியல் பூங்காவிலும் நிற்கிறது: ரைனோசெரஸ், அதாவது மூக்கில் கொம்புள்ளது. ஒரு துண்டு தெரிந்தால் இரண்டு சொல் கைக்கு வந்துவிடுகிறது, பாருங்கள். நன்னூல் சொன்னபடி பகுதி, விகுதி, இடைநிலை என்று பள்ளியில் பதம் பிரித்தவர்தானே நீங்கள்? கத்தி ஏற்கெனவே கையில் இருக்கிறது. கரும்பு மட்டும்தான் புதிது.

கே: ஏ, இ, ஐ, ஓ, யு ஐந்தும் ஒரே சொல்லில் வருமா?
– எட்டாம் வகுப்பு மாணவன், மன்னார்குடி

ப: வரும் தம்பி. தினமும் அதற்காகத்தான் பள்ளிக்கூடம் போகிறாய்: எஜுகேஷன். எழுதிப் பார், ஐந்தும் தலைக்கு ஒரு தடவை வந்திருக்கும். கணக்கு வகுப்பில் வரும் ஈக்வேஷனிலும் அப்படியே. இரண்டிலும் அந்த ஐந்தும் நிற்கும் வரிசைகூட ஒன்றுதான். காய்கறிக் கடைக்குப் போனால் காலிஃப்ளவர், சினிமாவுக்குப் போனால் டயலாக். டயலாக்கை மட்டும் பிரிட்டிஷ் முறையில் வால் விட்டு எழுத வேண்டும். ஆறே எழுத்தில் ஐந்தையும் அடக்கிய சொல்லும் உண்டு: யுனோயா. கிரேக்கத்திலிருந்து வந்தது, நல்ல மனம் என்று பொருள்.

கே: அந்த ஐந்தும் அகரவரிசை மாறாமல் வரும் சொல் உண்டா?
– வங்கி ஊழியர், விருதுநகர்

ப: பெயர் பெற்றவை இரண்டு. ஒன்று ஃபெசீஷியஸ்: வேடிக்கைக்கு இடமில்லாத இடத்தில் வேடிக்கை பேசுவது. துக்க வீட்டில் ஜோக் அடிப்பவரை இந்தச் சொல்லால் குறிக்கலாம். இன்னொன்று அப்ஸ்டீமியஸ்: சாப்பாட்டிலும் குடியிலும் கையடக்கமாக இருப்பது. லத்தீனில் டெமேட்டம் என்றால் போதை ஏற்றும் மது. அதைவிட்டு விலகி நிற்பவர் என்பது வேர்ப்பொருள். இரண்டின் கடைசியிலும் ‘லி’ சேர்த்தால் ஆறாவதாக ஒய்யும் வரிசையில் வந்து நிற்கும்.

தலைகீழ் வரிசை வேண்டுமா? நாம் வாழும் மண்ணின் பெயரிலேயே இருக்கிறது: சப்கான்டினென்டல். யு, ஓ, ஐ, இ, ஏ.

கே: உயிரெழுத்தே இல்லாத ஆங்கிலச் சொல்?
– மிருதங்கம் பயில்பவர், தஞ்சாவூர்

ப: உங்கள் விரலில் இருக்கிறது: ரிதம். பன்மையாக்கினால் ஏழு எழுத்து. அந்த ஐந்தில் ஒன்றும் கிடையாது. உயிரின் வேலையை ஒய் ஒருத்தியே பார்த்துவிடுகிறாள்.

அவளே மூன்று தடவை வரும் ஆறெழுத்துச் சொல் சிசிஜி. சூரியன், பூமி, சந்திரன் மூன்றும் ஒரே கோட்டில் நிற்பதற்கு வானியலில் அந்தப் பெயர். கிரேக்கத்தில் அதற்கு ஒரே நுகத்தில் பூட்டியது என்று பொருள். கிரேக்க ‘ஸைகான்’, ஆங்கில ‘யோக்’, வடமொழி ‘யுக’ மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் ஏற்றம் கூடுதலாக இருக்கும் என்று கரையில் இருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அன்றைக்கு வானத்தில் நுகம் பூட்டியிருக்கிறது என்பதுதான் காரணம்.

கே: மெய்யெழுத்துகள் அடுத்தடுத்து எத்தனை வரலாம்? நான் கிரிக்கெட் ரசிகன்.
– வாசகர், சேப்பாக்கம்

ப: அப்படியானால் பவுலருக்குப் பின்னால் பாருங்கள். வெள்ளையாகப் பெரிய திரை ஒன்று நிற்கிறதே, சைட்ஸ்கிரீன்: ஓர் ஓவருக்கு ஆறு பந்து போல நடுவில் ஆறு மெய் தொடர்ந்து வருகின்றன. கேட்ச்ஃபிரேஸிலும் ஆறு; லண்டனின் நைட்ஸ்பிரிட்ஜிலும் ஆறு.

கே: உயிரெழுத்துகள் அப்படி வரிசை கட்டுமா?
– ரேஷன் கடை வரிசையில் நின்றபடி எழுதியவர், ஈரோடு

ப: நீங்கள் செய்துகொண்டிருந்த காரியமேதான்: க்யூயிங். முதலெழுத்தை விட்டால் ஐந்து உயிர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. க்யூ என்பது பிரெஞ்சு வழியாக லத்தீன் ‘காவ்டா’விலிருந்து வந்தது, வால் என்று பொருள். ‘வரிசை அனுமார் வால் மாதிரி நீளுது’ என்று கடை வாசலில் யாரோ சொல்லியிருப்பார்களே, அவர் சொன்னது அகராதிப்படி சரி.

கே: மூன்று இரட்டை எழுத்துகள் அடுத்தடுத்து?
– ஆடிட்டர் அலுவலகப் பணியாளர், கோவை

ப: புக்கீப்பர். இரட்டைப் பதிவு முறையில் கணக்கு எழுதுகிறவருக்கு மூன்று இரட்டை பொருத்தம்தான்.

கே: ஒரே ஓர் உயிரெழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு நீளச் சொல் அமையுமா?
– மீனவர் குடும்பத்துப் பட்டதாரி, நாகப்பட்டினம்

ப: ஐந்துக்கும் ஐந்து தருகிறேன். முதல் சொல் உங்கள் வீட்டுச் சொல்: கேட்டமரான். நான்கு உயிர், நான்கும் ஏ. நம் கட்டுமரம் 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. போன இடத்தில் பொருள் மாறியது: இன்றைக்கு உலகம் கேட்டமரான் என்பது இரண்டு உடல்களை நடுவில் இணைத்த படகை. நம் கரையில் அது நீள மரங்களைக் கயிற்றால் பிணைத்தது. கடலுக்குப் போய் வந்ததும் கட்டவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப் போடுவார்கள். விடிந்தால் திரும்பக் கட்டுவார்கள். சொல்லைப் பிரிப்பதும் சேர்ப்பதும் எப்படி என்று கேட்டால், நான் கைகாட்டுவது அந்த மணலைத்தான்.

மற்ற நான்கு: இ மட்டும் வரும் ஸ்ட்ரெங்த்லெஸ்னெஸ், வலுவின்மை, 16 எழுத்து. ஐ ஆறு தடவை வரும் இன்டிவிஸிபிலிட்டி, பிரிக்க முடியாமை. கடைசி ஒய்யை மட்டும் மன்னித்துவிடுங்கள். ஓ மட்டும் வரும் காட்டன்வுட், பஞ்சு விதை பறக்கவிடும் ஒரு மரம். யு மட்டும் வரும் அன்ட்ரூத்ஃபுல், உண்மையில்லாதது.

கனடாக் கவிஞர் கிறிஸ்டியன் பாக் 2001இல் இப்படி ஒரு புத்தகமே எழுதினார். அத்தியாயத்துக்கு ஓர் உயிரெழுத்துதான். புத்தகத்தின் பெயர், மேலே மன்னார்குடித் தம்பிக்குச் சொன்ன அதே யுனோயா. நமக்கு இது புதிய வித்தையல்ல. உதடு ஒட்டாமல் பாடும் நிரோட்டகத்தில் சிவப்பிரகாச சுவாமிகள் அந்தாதியே பாடியிருக்கிறார். திரும்ப வாசித்தாலும் மாறாத மாலைமாற்றில் ஞானசம்பந்தர் பதிகமே தந்திருக்கிறார். எழுத்தைக் கட்டிவைத்துவிட்டுப் பொருளை ஓடவிடுவது தமிழில் நெடுங்காலப் பயிற்சி.

கே: தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களில் நீளமாக ஒன்று?
– ஹோட்டல் சமையற்காரர், காரைக்குடி

ப: உங்கள் அடுப்பில் கொதிப்பது: மல்லிகடானி. 12 எழுத்து. சூப் என்று மெனு கார்டில் போடுவார்கள்; வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், மிளகுத்தண்ணீர்.

கே: சினிமாவில் கேமரா உதவியாளராக இருக்கிறேன். என் தொழிலின் ஆங்கிலப் பெயரில் ஏதாவது வேடிக்கை உண்டா?
– வாசகர், வடபழனி

ப: வேடிக்கை இல்லை, அதிசயம். சினிமட்டோகிராஃபர், 15 எழுத்து. அந்த எழுத்துகளில் ஒன்றைக்கூடச் சேர்க்காமல், விடாமல், இடம் மட்டும் மாற்றி அடுக்கினால் மெகாகைராப்டெரன் என்று இன்னொரு சொல் கிடைக்கிறது. பழந்தின்னி வௌவால்! இருட்டில் வேலை பார்ப்பவர்கள் இருவரும் ஒரே எழுத்துப் பெட்டியைப் பங்கு போட்டிருக்கிறார்கள்.

இரண்டையும் நறுக்கலாம். கினிமா என்றால் அசைவு, கிராஃப் என்றால் எழுதுவது; அசைவை எழுதுகிறவர் நீங்கள். வௌவால் பக்கம்: மெகா என்றால் பெரிய, கைர் என்றால் கை, டெர் என்றால் சிறகு. வௌவாலின் சிறகை விரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது சிறகே இல்லை. நீண்ட விரல்களுக்கு நடுவே தோல் கட்டிய கை. பெயர் வைத்தவர் உற்றுப் பார்த்திருக்கிறார்.

இப்போது அந்தச் சிறகைப் பிடித்துக்கொண்டு பறக்கலாம். டெரோடாக்டைல்: சிறகு விரல், டைனோசர் காலத்துப் பறக்கும் ஊர்வன. ஹெலிகாப்டர்: எல்லோரும் ஹெலி, காப்டர் என்று உடைக்கிறோம். கணு அங்கே இல்லை. ஹெலிகோ என்றால் சுருள், டெர் என்றால் சிறகு, சுழலும் சிறகு. 1861இல் பிரெஞ்சுக்காரர் குஸ்தாவ் போன்டோன் தாமெகூர் படைத்த சொல் அது. ‘கைர்’ என்ற கையைப் பிடித்தால் ஆபரேஷன் தியேட்டருக்குப் போய்ச் சேரலாம்: சர்ஜன் என்பதன் பழைய வடிவம் கைரர்ஜன், கையால் வேலை செய்கிறவர். வௌவாலுக்கும் அறுவை மருத்துவருக்கும் கை ஒன்று.

கே: ஹிப்பொபொட்டமஸ், மெசபடோமியா. இரண்டிலும் ஒரே ஓசை கேட்கிறதே, தற்செயலா?
– ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், நாமக்கல்

ப: தற்செயல் இல்லை ஐயா, தண்ணீர். கிரேக்கத்தில் பொட்டமோஸ் என்றால் ஆறு. மெசோ என்றால் நடு. டைக்ரிஸ், யூஃப்ரடிஸ் ஆறுகளுக்கு நடுவில் உள்ள நாடு மெசபடோமியா. ஹிப்போ என்றால் குதிரை. ஆற்றில் கிடக்கும் குதிரை ஹிப்பொபொட்டமஸ். அதே மிருகத்தைப் பார்த்து கிரேக்கர் குதிரை என்றார்கள், நாம் நீர்யானை என்றோம். தண்ணீர் என்பதில் மட்டும் இரண்டு தேசமும் ஒத்துப்போகிறது.

அந்தக் குதிரை ஒரு மனிதர் பெயரிலும் ஓடுகிறது: பிலிப், குதிரைப் பிரியர். ஸ்பெயின் அரசர் இரண்டாம் பிலிப்பின் பெயரால் அமைந்த பிலிப்பைன்ஸிலும் குதிரைச் சத்தம் கேட்கும்.

கே: அப்படியென்றால் எழுத்து ஒன்றாக இருந்தால் பொருளும் ஒன்று என்று நம்பிவிடலாமா?
– போட்டித் தேர்வு எழுதுபவர், தென்காசி

ப: கூடாது. முகம் ஒத்திருப்பவர்கள் எல்லாம் பங்காளிகள் இல்லை. பெடல், பெடஸ்ட்ரியன், பூரானுக்குப் பெயரான சென்டிபீட் மூன்றிலும் இருப்பது லத்தீன் கால். குழந்தை மருத்துவரான பீடியாட்ரிஷியனில் இருப்பது கிரேக்கக் குழந்தை. பிரிட்டிஷ் முறையில் எழுதினால் நடுவில் ஒரு ஏ கூடுதலாக வந்து வித்தியாசத்தைச் சொல்லிவிடும். என்சைக்ளோபீடியாவில் இருப்பதும் அந்தக் குழந்தைதான். பிள்ளைக்குத் தரும் முழுக் கல்வி என்பது அதன் வேர்.

இதைவிட ஆபத்தான இடம் ஒன்று உண்டு. நெடுஞ்சாலையில் பெட்ரோல் டேங்கர் லாரிக்குப் பின்னால் போயிருப்பீர்கள். சிவப்பில் ‘ஹைலி இன்ஃப்ளேமபிள்’ என்று எழுதியிருக்கும். இன்விசிபிள் என்றால் கண்ணுக்குத் தெரியாதது, இன்கரெக்ட் என்றால் சரியில்லாதது. அந்தக் கணக்கில் இன்ஃப்ளேமபிள் என்றால் தீப்பிடிக்காதது என்று எடுத்துக்கொண்டால் உயிருக்கே வினை. இங்கே ‘இன்’ என்பது இல்லை என்று சொல்ல வரவில்லை. உள்ளே என்று சொல்ல வருகிறது. தீக்குள் போகக்கூடியது, எளிதில் பற்றிக்கொள்வது. இந்தக் குழப்பத்தால் ஆள் சாகக் கூடாது என்றுதான் தீத்தடுப்புத் துறையினர் ‘ஃப்ளேமபிள்’ என்ற குட்டைச் சொல்லைப் பரப்பினார்கள். இரண்டுக்கும் பொருள் ஒன்றே. டேங்கர் பக்கத்தில் நின்று சிகரெட் பற்றவைக்கிறவரைக் கண்டால் இலக்கணம் பேச வேண்டாம், முதலில் அணைக்கச் சொல்லுங்கள்.

கே: டஃப், காஃப், த்ரூ, தோ, தாட். எல்லாவற்றிலும் அதே நான்கு எழுத்துதான், உச்சரிப்பு மட்டும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித் தருவது?
– ஆங்கில ஆசிரியை, திருவண்ணாமலை

ப: காரணத்தோடு சொல்லித் தாருங்கள் டீச்சர். பழைய காலத்தில் அந்த ஜி-எச் தொண்டையிலிருந்து காறி வரும் ஓர் ஒலி. ஜெர்மன்காரர்கள் இன்றைக்கும் அதை வைத்திருக்கிறார்கள். 1476இல் காக்ஸ்டன் இங்கிலாந்துக்கு அச்சகத்தைக் கொண்டுவந்தார். எழுத்து அச்சில் உறையத் தொடங்கியது. பேச்சு உறையவில்லை. சில சொல்லில் அந்த ஒலி ‘ஃப்’ ஆனது, சில சொல்லில் கரைந்தே போனது, பக்கத்திலிருந்த உயிரொலிகளும் இடம் மாறின. அந்த நான்கு எழுத்தும் பூட்டிய வீட்டுக் கதவில் தொங்கும் பழைய பெயர்ப்பலகை. குடியிருந்தவர் எப்போதோ காலி செய்துவிட்டார். இதைச் சொன்னால் பிள்ளைகள் திட்டு வாங்கின முகத்தை மாற்றிக்கொண்டு கதை கேட்பார்கள்.

கே: டைப்ரைட்டிங் லோயர் முடித்தேன். விசைப்பலகைக்கு என்று சொற்கள் உண்டா?
– வாசகி, கும்பகோணம்

ப: மேல்வரிசையை மட்டும் தட்டி அடிக்கக்கூடிய பத்தெழுத்துச் சொல், இன்ஸ்டிடியூட்டில் நீங்கள் உட்கார்ந்த மிஷினின் பெயரேதான்: டைப்ரைட்டர். இடது கை மட்டும் ஓடி அடிப்பது ஸ்டூவர்டெஸ்ஸஸ், விமானப் பணிப்பெண்கள், 12 எழுத்து. வலது கைக்கு லாலிபாப். நடுவரிசைக்கு அலாஸ்கா. கீழ்வரிசைக்கு ஒன்றும் இல்லை. அங்கே ஓர் உயிரெழுத்தும் குடியில்லை, உயிர் இல்லாமல் சொல் எழாது.

கே: எழுத்துகள் ஏ முதல் இசட் வரை முன்பின் மாறாமல் ஏறும் சொல்?
– ஜவுளிக் கடைக்காரர், காஞ்சிபுரம்

ப: ஆறெழுத்தில் சில: ஆல்மோஸ்ட், பிகின்ஸ், பயாப்சி. உங்களுக்கென்றே ஒன்று உண்டு: சின்ட்ஸ். பூவும் கொடியும் போட்ட பருத்தித் துணி. இந்தியிலிருந்து போன சொல். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பல் ஏறி ஐரோப்பிய வீடுகளின் திரைச்சீலையாகத் தொங்கிய சரக்கு.

எக்ஸ்-ஒய்-இசட் அப்படியே ஒட்டிக்கொண்டு வரும் சொல்லைப் பார்க்க மருந்துக் கடைக்குப் போங்கள்: ஹைட்ராக்ஸிசின், அரிப்புக்குத் தரும் மாத்திரை.

கே: ஓர் எழுத்தும் திரும்ப வராத நீளச் சொல்?
– கைரேகை வைத்து அரிசி வாங்குபவர், தர்மபுரி

ப: 15 எழுத்தில் இரண்டு. அன்காப்பிரைட்டபிள்: பதிப்புரிமை கொண்டாட முடியாதது. ஒற்றைச் சொல்லுக்குப் பதிப்புரிமை கிடையாது என்பதால் அது தன்னைத் தானே விவரிக்கிறது. இரண்டாவது உங்கள் கட்டைவிரலில் இருக்கிறது: டெர்மட்டோகிளிஃபிக்ஸ். டெர்ம் என்றால் தோல். தோல் டாக்டர் டெர்மட்டாலஜிஸ்ட் ஆனது இதனால்தான். கிளிஃப் என்றால் செதுக்கல். எகிப்தின் ஹைரோகிளிஃபிக்ஸ் புனிதச் செதுக்கல். தோலில் செதுக்கிய கோடுகளைப் படிக்கும் துறைக்கு 1926இல் ஹெரால்டு கமின்ஸ் வைத்த பெயர். ஒருவர் ரேகை இன்னொருவருக்கு வராது. அந்தச் சொல்லிலும் ஓர் எழுத்து மறுமுறை வராது.

கே: ஒன்றுக்கும் உதவாது என்று சொல்ல ஆங்கிலத்தில் 29 எழுத்துச் சொல் இருக்கிறதாமே?
– வாசகர், யாழ்ப்பாணம்

ப: இருக்கிறது. ஃப்ளாக்சிநாசிநிஹிலிபிலிஃபிகேஷன்: ஒன்றைப் பெறுமதியற்றது என்று மதிப்பிடுவது. 1741இல் ஆங்கிலக் கவிஞர் வில்லியம் ஷென்ஸ்டோன் கடிதத்தில் எழுதியிருக்கிறார். பழைய லத்தீன் இலக்கணத்தில் ‘இதற்கு மதிப்பில்லை’ என்று சொல்லும் நான்கு சொற்களை வரிசையாகக் கோத்ததுதான் அது. ஃப்ளாக்சி: கம்பளியில் ஒரு துணுக்கு. நாசி: கொட்டையின் ஓடு மாதிரி அற்பம். நிஹிலி: சூனியம். பிலி: ஒரு மயிர். நாமும் துரும்பு, உமி, செல்லாக்காசு என்று சொல்லிவிட்டு, கோபம் ஏறினால் நான்காவதற்குத்தான் வருகிறோம். ஐ ஒன்பது தடவை வந்தும், ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் இ ஒரு தடவைகூட வராத சொல் இது.

கே: அகராதியிலேயே நீளமான சொல் ஏதோ ஒரு நுரையீரல் நோயாமே? அப்பா கல்குவாரியில் வேலை பார்க்கிறார். அதனால் கேட்கிறேன்.
– பத்தாம் வகுப்பு மாணவி, பெயர் வேண்டாம் என்கிறார்

ப: 45 எழுத்து அம்மா: நியூமோனோஅல்ட்ராமைக்ராஸ்கோப்பிக்சிலிகோவால்கேனோகோனியோசிஸ். 1935இல் அமெரிக்கப் புதிர்ப் பிரியர்கள் சங்கத்தின் தலைவர் எவரெட் ஸ்மித் கோத்தது. நியூயார்க் செய்தித்தாளில் வந்து, பிறகு ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலும் ஏறியது. பென்சிலால் கோடு போட்டுக்கொள்: நியூமோனோ, நுரையீரல். அல்ட்ராமைக்ராஸ்கோப்பிக், நுண்ணோக்கிக்கும் எட்டாத அளவு நுண்ணிய. சிலிகோ, கல்லிலும் மணலிலும் உள்ள சிலிக்கா. வால்கேனோ, எரிமலை. கோனி, தூசு. ஓசிஸ், நோய். முடிந்தது.

சொல் விளையாட்டுக்குப் பிறந்தது. நோய் விளையாட்டில்லை. அதன் நிஜப் பெயர் சிலிகோசிஸ், ஒன்பதே எழுத்து. கல்லைத் துளைக்கும்போதும் உடைக்கும்போதும் அரைக்கும்போதும் கிளம்பும் தூசில் கண்ணுக்குத் தெரியாத துகள்தான் நுரையீரலின் அடிவரை போய்த் தங்கித் தழும்பாக்குகிறது. தழும்பு திரும்ப ஆறாது. காசநோயும் எளிதில் பற்றும். வாயைச் சுற்றிக் கட்டும் துண்டு அந்தத் துகளைத் தடுக்காது. துளையிடும் இடத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டே துளைப்பதும், நுண்தூசியை வடிகட்டும் முகக்கவசமும், காலாகாலத்தில் மார்பு எக்ஸ்ரேயும்தான் காப்பு. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணையிலேயே இது அறிவிக்க வேண்டிய தொழில்நோயாக இடம்பெற்றது. அப்பாவுக்கு இருமல் நிற்கவில்லையென்றால் டாக்டரிடம், ‘குவாரியில் வேலை’ என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லச் சொல். 45 எழுத்தை நீ மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அந்த வாக்கியத்தை அப்பா மறக்காமல் இருந்தால் போதும்.

கே: வகுப்பில் விளையாட ஒரு சொல் கொடுங்கள்.
– தொடக்கப் பள்ளி ஆசிரியர், பெரம்பலூர்

ப: ஸ்டார்ட்லிங், திடுக்கிட வைப்பது. கரும்பலகையில் எழுதி, தடவைக்கு ஓர் எழுத்தைப் பிள்ளைகளையே அழிக்கச் சொல்லுங்கள். ஸ்டார்ட்டிங், ஸ்டேரிங், ஸ்ட்ரிங், ஸ்டிங், சிங், சின், இன், கடைசியில் ஐ. ஒவ்வொரு படியிலும் முழுச் சொல் நிற்கும். எந்த எழுத்தை அழிப்பது என்று சொல்லித் தராதீர்கள், தேடட்டும்.

கே: அம்மாவின் டிஸ்சார்ஜ் தாளில் ‘லேப்பராஸ்கோப்பிக் கோலிசிஸ்டெக்டமி’ என்று இருக்கிறது. என்ன செய்தார்கள் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. கேட்கவும் கூச்சமாக இருந்தது.
– வாசகர், திருநெல்வேலி

ப: தாளை எடுத்து மேஜையில் விரியுங்கள். லேப்பரா, விலாவுக்குக் கீழே உள்ள வயிற்றுப் பகுதி. ஸ்கோப், பார்ப்பது, டெலஸ்கோப்பிலும் ஸ்டெதாஸ்கோப்பிலும் இருப்பது. கோலி, பித்தம். சிஸ்ட், பை. எக்டமி, வெட்டி வெளியே எடுப்பது. வயிற்றில் பெரிய கீறல் இல்லாமல், சின்னத் துளை வழியாகக் கருவியை விட்டுப் பார்த்து, பித்தப்பையை எடுத்திருக்கிறார்கள்.

அந்தக் கடைசிக் கணுவை மட்டும் எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கிரேக்கத்தில் ‘டோம்’ என்றால் வெட்டு. வெட்டவே முடியாதது என்று நினைத்து ஆட்டம் என்று பெயர் வைத்தார்கள். உடலை வெட்டிப் பார்த்துப் படிப்பது அனாட்டமி. ‘எக்டமி’ என்று முடிந்தால் ஓர் உறுப்பை எடுத்துவிட்டார்கள். ‘ஆட்டமி’ என்று முடிந்தால் வெட்டித் திறந்தார்கள், எடுத்தார்கள் என்று பொருளில்லை. மண்டையோட்டைத் திறக்கும் க்ரேனியாட்டமி போல. ‘ஆஸ்டமி’ என்று முடிந்தால் அது வேறு வேர். ஸ்டோமா என்றால் வாய், புதிதாக ஒரு வழி திறந்திருக்கிறார்கள், தொண்டையில் வைக்கும் டிராக்கியாஸ்டமி போல. ‘ஐட்டிஸ்’ என்று முடிந்தால் அழற்சி. அழல் என்றால் தீ. ஆங்கிலத்தில் இன்ஃப்ளமேஷன், அந்த டேங்கர் லாரியில் பார்த்த அதே தீ.

உங்கள் கூச்சம் எனக்குப் புரிகிறது. தாளில் இருப்பது நம் அம்மாவின் உடம்பு. எழுதியிருப்பது நமக்குப் புரியாத மொழி. நீளச் சொல் முன்னால் நிற்கும்போது, கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று வாய் அடைத்துப்போகிறது. அடுத்த முறை செக்கப்புக்குப் போகும்போது இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, ‘டாக்டர், பித்தப்பையை எடுத்திருக்கீங்க, இனி அம்மா எண்ணெய்ச் சாப்பாடு எவ்வளவு சாப்பிடலாம்?’ என்று கேளுங்கள். அவர் பதில் சொல்வார். அந்தப் பதிலையும் தாளின் பின்பக்கத்தில் தமிழில் எழுதிக்கொண்டு வாருங்கள்.